மழை இரவில் பயப்படுவது அவிசுவாசமா?

பணியக்கணக்கு | மே 24, இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே மற்றவர்கள் எழுதுவதை வாசித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று முதல் தடவையாக எழுதுகிறேன். வெளியே மழை பெய்கிறது, தூக்கம் வரவில்லை. வேறு காரணம் இல்லை.

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பணியக்கணக்கு என்ற கீழ்ப்பிரிவில், லயத்தில் (வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில்) இருக்கிறோம். எனக்கு 41 வயது. பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) வேலை. கணவர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், மாதத்துக்கு ஒரு முறை வருவார். வீட்டில் மாமி, 12 வயது மகன், 8 வயது மகள், நான்.

கடந்த வருடம் நவம்பர் 27 இரவு டித்வா புயல் மழையில் எங்களுக்கு மேலே இருந்த லயத்தின் கடைசி இரண்டு காம்பராக்கள் (அறை வீடுகள்) மண்ணோடு போய்விட்டன. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. லொறியிலிருந்து கருங்கல் கொட்டுவது போல என்று மகன் சொல்கிறான். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. யாரோ மிகப் பெரிய ஒருவர் பெருமூச்சு விட்டது போல இருந்தது. அதன் பிறகு நாய்கள்கூடக் குரைக்கவில்லை.

கடைசிக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தபோதெல்லாம் தலையில் கை வைத்து ஜெபித்தவர். முந்தின நாள் சம்பல் அரைக்க அவருடைய தேங்காய் துருவியை வாங்கி வந்தேன். திருப்பிக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான் அவரை எடுத்தார்கள்.

நாங்கள் ஆறு வாரம் பாடசாலை முகாமில் இருந்தோம். பிறகு அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். எங்கள் லயத்துக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் பெரிய மழை என்றால் விலகிவிட வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பெரிய மழை எது, சின்ன மழை எது என்று யாரும் சொல்லவில்லை. இப்போது தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டது. இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து பின்சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன், ஈரம் ஊறியிருக்கிறதா என்று. பிள்ளைகளைச் சுவெட்டரோடுதான் படுக்க வைக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் புத்தகம் எல்லாம் ஒரு பையில் தலைமாட்டில் இருக்கின்றன. தகரத்தில் நாலு துளி விழுந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்வேன். இன்று பெந்தெகொஸ்தே ஞாயிறு. ஆராதனைக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். சீஷர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள், ஆவியானவர் வந்ததும் பயம் பறந்தது, இன்னும் பயப்படுகிறவனுக்குள் ஆவியானவர் இல்லை என்றார். பயமில்லாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். எல்லாரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இரவில் நான் சுவரைத் தடவுவது அவனுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

எங்கள் காம்பராவில் ஒரு பழைய நாட்காட்டி தொங்குகிறது. அதில் 121-ஆம் சங்கீதம்: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். இப்போது அந்த வசனத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. பர்வதத்திலிருந்து எங்களுக்கு வந்தது ஒத்தாசையா?

கேட்க வந்தது இதுதான். பயப்படுவது அவிசுவாசமா? கர்த்தர் உங்களைக் காப்பாற்றினார் என்று எல்லாரும் என்னிடம் சொல்கிறார்கள். அப்படியென்றால் அக்காவை? என்னைவிடப் பத்து மடங்கு நன்றாக ஜெபித்தவர் அவர். தைரியமாக இரு என்று சொல்கிறவர்கள், அந்தத் தைரியத்தை எங்கே போய் எடுத்துவருவது என்றும் சொன்னால் நல்லது.

---

ஜெயக்கொடி | மே 25, காலை 5.02

சகோதரி, "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்." 2 தீமோத்தேயு 1:7. இந்த வசனத்தைத் தினமும் நூறு தடவை அறிக்கை செய்யுங்கள். பயம் பிசாசின் ஆயுதம். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். எல்லாம் நன்மைக்கே.

---

பணியக்கணக்கு | மே 25, காலை 6.10

நன்றி அண்ணா. ஆனால் "எல்லாம் நன்மைக்கே" என்பதை அக்காவின் பிள்ளைகளிடம் போய் என்னால் சொல்ல முடியாது. வேலைக்கு நேரமாகிவிட்டது, போகிறேன்.

---

பழைய டீமேக்கர் | மே 25, இரவு 8.45

மகளே, ஓய்வு பெற்ற கிழவன் நான், வயது 68. எழுதத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பிரசங்கத்தை எடுத்துக்கொள்வோம். யோவான் 20-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சீஷர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்தது உண்மைதான். இயேசு உள்ளே வந்து என்ன சொன்னார்? "உங்களுக்குச் சமாதானம்" என்றார். கதவை ஏன் பூட்டினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் கீழே 26-ஆம் வசனத்துக்குப் போங்கள். எட்டு நாள் கழிகிறது. உயிர்த்தெழுந்தவரைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது, கை விலாவெல்லாம் காட்டியாகிவிட்டது. அப்படியும் கதவு பூட்டித்தான் இருக்கிறது! அவர் மறுபடியும் பூட்டிய கதவுக்குள்ளேயே வந்து, மறுபடியும் அதே சமாதானத்தைத்தான் சொல்கிறார். பிரசங்கம் செய்கிறவர்கள் தோமாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவை விட்டுவிடுகிறார்கள். எட்டு நாள் ஆகியும் அப்போஸ்தலர்களுக்குத் தாழ்ப்பாள் வேண்டியிருந்தது என்றால், ஆறு மாதம் ஆகியும் நீங்கள் சுவரைத் தொட்டுப் பார்ப்பதில் என்ன குற்றம்?

கையைத் தூக்கியது பற்றி வருந்தாதீர்கள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டு கையையும் தூக்கியிருப்பேன். தோட்டத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி கோயிலுக்குள் பெரட்டுக் கூட்டித் தலை எண்ணினால் ஜனங்கள் அப்படித்தான் செய்வார்கள்.

என் அப்பா உபதேசியார். பொகவந்தலாவைப் பக்கம் நான்கு தோட்டங்களுக்கு ஒரே ஆள். இந்த மலைகளில் 1854-இல் அங்கிலிக்கன் மிஷன் ஒன்று தொடங்கியபோது அதற்குத் தமிழ்க் கூலி மிஷன் என்றே பெயர் வைத்தார்கள் (அந்தக் கூலி என்ற சொல்லைப் பிறகு மாற்றினார்கள், அது வேறு கதை). அந்தக் காலத்து உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள். அப்பா காலத்திலும் கால்நடைதான். சாயங்கால ஜெபம் முடிந்து அரிக்கன் லாம்பைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் குறுக்குப்பாதையில் வருவார். வரும்போது ஞானப்பாட்டு மலை எதிரொலிக்கும். லயத்தில் இருப்பவர்கள், உபதேசியாருக்கு இன்றைக்கு ஆவி பொங்குகிறது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பத்து வயதில் ஒரு நாள் கூடப் போனேன். பாதி வழியில் என் காதுக்குள் சொன்னார்: "டேய், நீயும் சத்தமாகப் பாடு. புலி இருந்தால் கேட்டு விலகிப் போகட்டும்." நம் பக்கத்தில் சிறுத்தையைத்தான் புலி என்போம். அந்த மனிதர் முப்பது வருடம் பயத்தில்தான் பாடியிருக்கிறார். ஆனால் ஒரு நாள்கூடப் போகாமல் இருக்கவில்லை.

1973, 74 பஞ்சம் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். எனக்கு 16 வயது. அந்த வருடம் அப்பா பிரசங்கத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கிவிட்டார். பசித்தவனை அதிக நேரம் உட்கார வைக்கக் கூடாது என்பார். ஆராதனை முடிந்ததும் கோயில் பின்பக்கத்தில் ஒரு தாழி நிறையக் கீரைக் கஞ்சி. கீரை அதிகம், கஞ்சி கொஞ்சம். எங்கள் கோயிலுக்கு வருகிறவர், சாமி கோவிலுக்குப் போகிறவர் எல்லாருக்கும் அதே அகப்பைதான். ஒரு கிழமையில் மூன்று சவப்பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். வந்து எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக நிற்க வைத்து, மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். எதற்கு என்று அப்போது புரியவில்லை. அடுத்தது எங்களில் யார் என்று பார்த்திருக்கிறார்.

அவர் இறந்த பிறகு அவருடைய வேதாகமம் என்னிடம் வந்தது. 56-ஆம் சங்கீதம் 3-ஆம் வசனத்துக்குக் கீழே கோடு போட்டிருந்தார். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள், தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் நாள் கூலிக்குப் பேர் போடுவது போல. எண்ணிப் பார்த்தேன், நூற்றுக்கு மேல் இருந்தது. பயந்த நாட்களுக்கெல்லாம் தனக்கே பேர் போட்டு வைத்திருக்கிறார். அரைநாளுக்குப் போடும் அரைப் பேர்கூட இல்லை, முழுப் பேர். தாவீது "பயப்படாத நாளில்" என்று எழுதவில்லை, கவனியுங்கள்.

அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. லூக்கா 13-இல் சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தி வருகிறது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்று அவரும் சொல்லவில்லை. அவர் சொல்லாததைச் சொல்ல நான் யார்? தமக்குத் தெரியும் என்று வருகிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

---

மகாவலி ஓரம் | மே 26, காலை 9.30

கண்டியிலிருந்து எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன். பெரியவர் எழுதியதற்குப் பிறகு அதிகம் சொல்ல இல்லை, ஆனால் அந்த 121-ஆம் சங்கீதம் பற்றி ஒரு சங்கதி.

உங்கள் நாட்காட்டியில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு. அதை வாசித்தால் ஒத்தாசையே பர்வதத்திலிருந்து வருவது போல இருக்கும். நாங்கள் வாசிக்கும் திருவிவிலியத்தில் அதே இடம் இப்படி வருகிறது: "மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்! எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" எபிரேய மூலத்திலும் அந்த இடத்தில் "எங்கிருந்து" என்ற கேள்விச் சொல்தான் இருக்கிறது. பயணம் போகிற ஒருவன் மலையை அண்ணாந்து பார்த்து, ஐயோ, எனக்கு யார் துணை என்று கேட்கிறான். அடுத்த அடியில்தான் விடை: வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவரிடமிருந்து. அந்த மலை அவனுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கிறது. ஆகவே நீங்கள் கோபத்தோடு கேட்ட கேள்வி அந்தச் சங்கீதத்துக்கு எதிரானது இல்லை. அதன் முதல் வரியே அதுதான்.

இன்னொன்று. எங்கள் ஊரில் புனித யோசேப் வாஸ் அடிகளாரைப் பற்றிப் பேசினால் எல்லாரும் மழைப் புதுமையைத்தான் சொல்வார்கள், வறட்சியில் அவர் செபித்து மழை வந்த கதை. உங்களிடம் போய் மழை வரவழைத்த கதையைச் சொல்ல எனக்கு மனமில்லை. எனக்குப் பிடித்தது வேறு. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில், 1687-இல், கோவாவிலிருந்து ஏழைக் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். 1692-இல் கண்டிக்கு வந்ததும் போர்த்துக்கேய உளவாளி என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். அடைபட்ட இடத்திலேயே சிங்களம் கற்றுக்கொண்டார். 1697-இல் பெரியம்மை வந்தபோது அரசனும் நகரத்தை விட்டுப் போய்விட்டான். வீடுகளிலும் காடுகளிலும் கைவிடப்பட்டுக் கிடந்தவர்களை இவரும் இவருடைய மருமகனான இன்னொரு குருவும் தேடிப் போய்க் கழுவித் துடைத்து, கஞ்சி கொடுத்து, இறந்தவர்களைப் புதைத்தார்கள். 1711 ஜனவரி 16-இல் கண்டியிலேயே இறந்தார். 2015-இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் வைத்து அவரைப் புனிதராக அறிவித்தபோது நானும் அந்தக் கூட்டத்தில், விடியற்காலைக் குளிரில், ஒரு போர்வையோடு நின்றேன்.

வேடம் போட்டு வந்தவரைத்தான் திருச்சபை பீடத்தில் ஏற்றியிருக்கிறது. ஒளிந்து வந்தது விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் தலைமாட்டில் பையைக் கட்டி வைத்திருப்பதற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

---

ஜெயக்கொடி | மே 26, மாலை 4.15

சகோதரி, நான் கத்தாரில் இருக்கிறேன். என் அம்மாவும் தங்கையும் மஸ்கெலியாவில். நவம்பரில் மூன்று நாள் போன் எடுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து இந்த ஒரு வசனத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு எதுவும் செய்ய இல்லை. அதைத்தான் உங்களுக்கும் தந்தேன். "எல்லாம் நன்மைக்கே" என்று எழுதியது தவறு. மன்னியுங்கள்.

---

ஊவாத் தாதி | மே 27, இரவு 10.05

தங்கச்சி, நான் தாதி, பண்டாரவளைப் பக்கம். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்ததே, அந்தச் சனங்கள் இருந்த முகாமுக்கு உதவிக்குப் போனவர்களில் ஒருத்தி. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. ஏறத்தாழ இரண்டு வருடம் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருந்தார்கள். அந்த இடத்துக்கு அதற்கு முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். பிறகு எல்லாரும் "ஏன் போகவில்லை" என்று கேட்டார்கள். எங்கே போவது என்று அந்தச் சனங்கள் திருப்பிக் கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால் நான் யாரிடமும் சும்மா "தைரியமாக இரு" என்று சொல்வதில்லை.

நீங்கள் சொல்கிற நெஞ்சடிப்பு, விழிப்பு, சுவரைத் தொடுவது எல்லாம் அந்த முகாமில் நான் பார்த்தவைதான். அப்படி ஒன்றைக் கடந்து வந்த உடம்பு அப்படித்தான் செய்யும். ஆறு மாதமாகிறது என்பதால் ஒரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத இரவில் 1926-ஐ அழுத்தினால் மனநலத்துக்கென்றே பேச ஆள் இருக்கும். இதுவும் அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் எலியாவைக் காட்டுங்கள். பாகால் தீர்க்கதரிசிகளையே எதிர்த்து நின்ற மனிதன், பிறகு உயிருக்குப் பயந்து ஓடிப்போய், சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே" என்றான். தேவதூதன் வந்து அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தணலில் சுட்ட அடை, ஒரு செம்பு தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துத் தூங்கினான். தாதிகளுக்குப் பிடித்த தூதன் அவன்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். பெரிய மழை எது என்று யாரும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்குத் தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் கணக்கு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும், 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ உடனே வெளியேற வேண்டும். இதை வீட்டிலேயே அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கிற ஒரு பெரிய பால்மா டின்னை எடுங்கள். கூரைத் தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத வெளியில், சரியாமல் நான்கு கல் வைத்து நிறுத்துங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் கொட்டிவிடுங்கள். மகனுடைய அடிமட்டத்தை (அளவுகோலை) உள்ளே விட்டுப் பாருங்கள். ஏழரை சென்ரிமீற்றர், பத்து, பதினைந்து. அவ்வளவுதான். தோட்டத்து ஆபீசிலும் தினமும் மழை அளப்பார்கள், அதையும் கேட்டு வாங்கலாம்.

ஆனால் டின்னில் குறைவாக இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, இல்லாத இடத்தில் புறப்படும் ஊற்று, தெளிவாக ஓடிய ஊற்று கலங்குவது அல்லது நின்றுபோவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளவெல்லாம் பார்க்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. எங்கே போவது என்று பகலிலேயே, மழை இல்லாத நாளிலேயே, லயத்து ஆட்களோடு பேசி முடிவு செய்யுங்கள். இரவில் அதைப் பேச முடியாது.

சுவரைத் தொட்டுப் பார்ப்பதை விடச் சொல்லவில்லை. சுவருக்குப் பதில் டின்னைப் பாருங்கள், அது கணக்குச் சொல்லும்.

---

பழைய டீமேக்கர் | மே 27, இரவு 10.40

தாதி அம்மா, முப்பத்தைந்து வருடம் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) இருந்தவன், இந்த டின் கணக்கு எனக்குத் தோன்றவில்லையே! அப்பாவின் வேதாகமத்தில் மழைக்கும் ஒரு கோடு போட்டிருக்கலாம்.

---

பணியக்கணக்கு | ஜூன் 21, மாலை 6.30

எல்லாருக்கும் உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். நடுவில் போனும் கெட்டுவிட்டது.

முதலில் மகனிடம் சொன்னேன், அன்றைக்கு அம்மா பொய்க்குத்தான் கை தூக்கினேன் என்று. "தெரியும். நானும்தான்" என்றான். டின் வைக்கும் வேலையை அவனிடமே கொடுத்துவிட்டேன். மணி ஆறு அடித்தால் போதும், அடிமட்டத்தோடு போய்விடுகிறான். கொப்பியில் எழுதுகிறான். நேற்று 12 மில்லிமீற்றர், முந்தாநாள் 31, அப்படி.

லயத்து ஆட்களைக் கூட்டிப் பேசியது அவ்வளவு சுலபமாக இல்லை. இரண்டு ஞாயிறு போயிற்று. கோயில் மேட்டில் மண்சரிவு ஆபத்து இல்லை, பாறைமேல் கட்டியது என்று அதிகாரிகளே சொல்லியிருந்தார்கள். ஆகவே பெரிய மழை என்றால் அங்கே என்று முடிவு. சாமி கும்பிடுகிற வீட்டார் தயங்கினார்கள். மூப்பர் எழுந்து, அது மழைக்கு ஒதுங்குகிற இடம், வேறு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு சரி என்றார்கள். கோயில் சாவி ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது.

போன செவ்வாய் பகல் முழுக்க விடாத மழை. இரவு ஒன்பதரைக்கு மகன் நனைந்துகொண்டு வந்து "அம்மா, பத்து சென்ரிமீற்றரைத் தாண்டிவிட்டது" என்றான். என் கை கால் இரண்டும் நடுங்கின. அதை மறைக்கவில்லை, எழுதத்தான் வேண்டும். நவம்பரில் அந்தச் சத்தம் வந்தபோது நான் பிள்ளைகள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். யார் கதவையும் தட்டவில்லை. அதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. தட்டியிருந்தால் மட்டும் மேல் லயத்துக்கு உதவியிருக்குமா என்றால் இல்லை, நேரமே இருக்கவில்லை. ஆனாலும் தட்டவில்லை.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினேன். நூறு தடவை சொல்லச் சொன்ன வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. "நான் பயப்படுகிற நாளில், நான் பயப்படுகிற நாளில்" என்று பாதி வசனம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு காம்பரா. ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஏழாம் காம்பராத் தாத்தா தூக்கத்திலிருந்து எழுந்து ஏசினார். ஒன்பதாம் காம்பராவில் நான்கு மாதக் குழந்தை, அதை என் மழைப் படங்குக்குள் சுற்றி எடுத்துக்கொண்டேன். மேட்டுக்கு ஏறுகிற வழியில் மாமி திடீரென்று சத்தமாகப் பாடத் தொடங்கினார். பெரியவரின் அப்பா கதையை அவருக்கு நான் வாசித்துக் காட்டியிருந்தேன். புலி வராது மாமி என்றேன். "மண்ணுக்கும் காது இருக்கட்டும்" என்றார்.

அன்று இரவு ஒன்றும் விழவில்லை. காலையில் டின்னில் பதின்மூன்றரை. அத்தனை பேரும் கோயில் தரையில் சாக்கு விரித்துக் கிடந்தோம். நடுச்சாமத்தில் யாரோ ஜெபம் செய்யச் சொன்னார்கள். அக்கா இருந்தால் அவர் செய்திருப்பார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நீளமாக ஜெபிக்க வராது. "ஆண்டவரே, எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. இரண்டாம் காம்பராப் பெண், அவள் கும்பிடுவது மாரியம்மனை, அவள்தான் ஆமென் சொன்னாள்.

விடிந்ததும் ஏழாம் காம்பராத் தாத்தா, சும்மா அலைக்கழித்துவிட்டாள் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லட்டும். அவருக்கும் சேர்த்துத்தான் ரொட்டி சுட்டேன். எல்லா வீட்டு மாவும் கலந்து சுட்ட ரொட்டி, கருகியும் கருகாமலும். சம்பலுக்கு அக்காவின் தேங்காய் துருவியை எடுத்தேன். ஏழு மாதமாக அதைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருந்தேன். பல்லில் கொஞ்சம் துரு, தேய்த்தால் போய்விட்டது. அக்காவின் மூத்த மகள் இப்போது சித்தி வீட்டில், இரண்டு லயம் தள்ளித்தான் இருக்கிறாள். அவளையும் கூப்பிட்டு அனுப்பினேன். அம்மாவுடையது என்று பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். கேட்டால் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் கேட்கவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத் தேங்காயைத் துருவினாள்.

தாதி அக்கா, ஆஸ்பத்திரிக்கு அடுத்த கிழமை போகிறேன், அதற்குத் துண்டுச் சீட்டு வாங்கிவிட்டேன். கத்தார் அண்ணா, அம்மாவுக்கும் டின் வைக்கச் சொல்லுங்கள். நாட்காட்டியை மாமி கழற்ற விடவில்லை. மகன் அந்த வசனத்தின் முடிவில் பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டான், அதற்கு மாமியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான்.

இப்போது மறுபடியும் இருட்டிக்கொண்டு வருகிறது. மணி ஆறரை, அவன் அடிமட்டத்தைத் தேடுகிறான்.